உள்விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு: இதய எம்.ஆர்.ஐ. படத்தில் நோயைப் போலவே தெரியும் பொய்நிழல்

இதயத் தசைக்கு ரத்தம் எப்படிப் போய்ச் சேருகிறது என்று காட்டும் எம்.ஆர்.ஐ. பெர்ஃப்யூஷன் படத்தை ஓடவிட்டால் முதலில் எல்லாம் மங்கலான சாம்பல் நிறம்தான். கையில் ஏற்றிய கான்ட்ராஸ்ட் மருந்து சில துடிப்புகளில் இதயத்தின் வலது கீழறைக்கு வந்து சேரும். அந்த அறை பளீரென்று வெளுக்கும். மருந்து நுரையீரல் வழியாகச் சுற்றித் திரும்பியதும் இடது கீழறை வெளுக்கும். இன்னும் சில துடிப்புகள் போனால், அந்த அறையைச் சுற்றி வளையமாக நிற்கும் இதயத் தசையும் மெல்ல வெளுக்கத் தொடங்கும். ரத்தம் போய்ச் சேராத பகுதி மட்டும் கறுப்பாகவே நிற்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவும்.

ஆனால் இடது கீழறை வெளுக்கும் அந்த நொடியில், தசை இன்னும் வெளுக்கத் தொடங்காதபோதே, அதன் உள்விளிம்பில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று அடிக்கடி தோன்றும். நல்ல இதயம் உள்ளவர்களிடமும் தோன்றும். இதை டார்க் ரிம் ஆர்ட்டிஃபாக்ட், அதாவது கறுப்பு விளிம்புப் பொய்நிழல், என்கிறார்கள். எம்.ஆர்.ஐ. படங்களில் ஆர்ட்டிஃபாக்ட்டுகளுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலானவை பார்த்தவுடனே பொய் என்று தெரிந்துவிடும். இது அப்படியல்ல. ரத்தக் குறைவு எந்த இடத்தில் முதலில் தெரியுமோ அதே இடத்தில், அதே நிறத்தில் வந்து நிற்கிறது. அதனால்தான் இதற்கு மட்டும் தனிக் கவனம் தேவைப்படுகிறது.

இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் கொரோனரி குழாய்கள் தசையின் வெளிப்புறத்தில் ஓடுகின்றன. அங்கிருந்து கிளை பிரிந்து தசையைத் துளைத்துக்கொண்டு உள்நோக்கி வருகின்றன. எனவே உள்விளிம்புத் தசை ஒரு கடைமடை வயல். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது அதுதான். போதாக்குறைக்கு, இதயம் சுருங்கும்போது அழுத்தம் அதிகமாக விழுவதும் அந்த உட்புறத்தில்தான். குழாயில் அடைப்பு இருந்தால் ரத்தக் குறைவு உள்விளிம்பில் தொடங்கி வெளிப்பக்கமாகப் பரவும். அடைப்பு முற்றி மாரடைப்பாகும்போதும் தசை உள்ளிருந்து வெளியே அலையாகச் சாகிறது என்பதை ரைமரும் ஜென்னிங்ஸும் 1977-இல் காட்டினார்கள்.

ஓய்வாகப் படுத்திருக்கும்போது ஓரளவு அடைப்புள்ள குழாய்கூடச் சமாளித்துவிடும். அதனால் பரிசோதனையில் இதயத்தைச் சற்று நெருக்குகிறார்கள். வழக்கமான மருந்து அடினோசின். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, நிமிடத்துக்கு 140 மைக்ரோகிராம் வீதம் மூன்று நான்கு நிமிடம் ஏற்றுவார்கள். நல்ல குழாய்கள் விரிந்து ரத்த ஓட்டம் பல மடங்காகும். அடைப்புக்கு அப்பால் உள்ள சிறு குழாய்கள் ஏற்கெனவே முடிந்தவரை விரிந்துதான் இருக்கின்றன. அவற்றுக்கு மேலும் விரிய இடமில்லை. இந்த வித்தியாசம்தான் படத்தில் வெளுப்பும் கறுப்புமாகத் தெரிகிறது. முந்தைய நாளிலிருந்தே காபி, டீ வேண்டாம் என்று சொல்லியனுப்புவதும் இதற்காகத்தான். கஃபீன் அடினோசினின் வேலையைத் தடுத்துவிடும்.

இந்தப் படத்தை நம்பி எடுக்கப்படும் முடிவுகள் சாதாரணமானவை அல்ல. 2019-இல் வெளியான எம்.ஆர்.-இன்ஃபார்ம் ஆய்வில், நிலையான நெஞ்சுவலி உள்ள 918 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எம்.ஆர்.ஐ. பெர்ஃப்யூஷன் வழிகாட்டியது. மற்றக் குழுவுக்கு நேரே ஆஞ்சியோகிராம் செய்து, குழாய்க்குள் அழுத்தம் அளந்து முடிவெடுத்தார்கள். ஓராண்டு முடிவில் மரணம், மாரடைப்பு போன்ற பாதிப்புகள் இரண்டு குழுவிலும் ஏறக்குறைய சமம்: 3.6 சதவீதம், 3.7 சதவீதம். ஆனால் ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்துகொண்டவர்கள் எம்.ஆர்.ஐ. குழுவில் 35.7 சதவீதம், மற்றதில் 45 சதவீதம். அதாவது யாருக்கு ஸ்டென்ட் வேண்டாம் என்பதைக்கூட இந்தப் படம் பொறுப்பாகச் சொல்ல முடியும். அந்தப் பொறுப்பில் இருக்கும் படத்தில்தான் ஒரு பொய்க் கோடும் இருக்கிறது.

சரி, கோடு ஏன் வருகிறது? மெஷின் பழுது அல்ல. புத்தம் புது ஸ்கேனரிலும் வரும். நேரம் போதாததுதான் அடிப்படைக் காரணம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

அடினோசின் ஏறியதும் துடிப்பு நிமிடத்துக்கு 90 ஆகிவிட்டது என்று வையுங்கள். ஒரு துடிப்புக்குச் சுமார் 667 மில்லிசெகண்ட். ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் அடி, நடு, நுனி என மூன்று இடங்களில் குறுக்குவெட்டுப் படம் எடுக்க வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைப்பது 222 மில்லிசெகண்ட். அதில் சுமார் 100 மில்லிசெகண்ட், படத்துக்கு முந்தைய தயாரிப்புக்குப் போய்விடும்: காந்த சிக்னலை முதலில் அழித்துவிட்டு, கான்ட்ராஸ்ட் உள்ள இடம் மட்டும் சீக்கிரம் மீண்டு வரக் காத்திருக்கும் நேரம் அது. மிச்சம் 120. ஒரு வரி தகவல் எடுக்க இரண்டரை மில்லிசெகண்ட் ஆனால் 48 வரிதான் எடுக்க முடியும். சிக்னல் வாங்கும் பல காயில்களை (கம்பிச்சுருள்களை) ஒருசேரப் பயன்படுத்தும் பேரலல் இமேஜிங் உத்தியால் அதை இரட்டித்து 96 வரிக்குச் சமமாக்கலாம். மார்பின் குறுக்கே 300 மில்லிமீட்டர் பரப்பை 96 வரியில் பிரித்தால், ஒரு பிக்சல் மூன்று மில்லிமீட்டர் ஆகிறது.

இடது கீழறைச் சுவரின் தடிமன் எட்டு முதல் பத்து மில்லிமீட்டர். ஆக, மொத்தச் சுவருக்கும் மூன்றே பிக்சல். உள்விளிம்புத் தசை என்று நாம் தேடுவது அதில் ஒன்று. ஒரு பிக்சல் அகலத்துக்கு ஒரு பொய்க் கோடு விழுந்தால், சுவரில் மூன்றில் ஒரு பங்கு பொய்யாகிவிடும்.

அந்தக் கோட்டை வரைவதில் பெரும்பங்கு ஒரு பழைய கணிதத்துக்கு. எம்.ஆர்.ஐ. ஸ்கேனர் படத்தை நேரடியாக எடுப்பதில்லை. படத்தைப் பல அளவிலான அலைகளாகப் பிரித்து ஒவ்வோர் அலையின் வலுவையும் அளக்கிறது. பிறகு கணினி அந்த அலைகளை எல்லாம் கூட்டிப் படமாக்குகிறது. எடுக்கும் ஒவ்வொரு வரியும் ஒரு நுணுக்க அளவு அலை. வரிகளை 96-இல் நிறுத்திவிட்டால், அதைவிட நுண்ணிய அலைகள் கணக்கில் சேராது. மெதுவாக மாறும் இடங்களில் இதனால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் வெள்ளையிலிருந்து கறுப்புக்குச் சட்டென்று தாவும் விளிம்பில், குறைவான அலைகளால் அந்தத் தாவலைச் சரியாகக் கட்ட முடியாது. வெள்ளைப் பக்கம் கொஞ்சம் கூடுதலாக வெளுத்து, கறுப்புப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகக் கறுத்து, பிறகு அலையடித்து அடங்கும். இதை 1848-இல் ஹென்றி வில்பிரஹாம் எழுதிவைத்தார், யாரும் கவனிக்கவில்லை. 1899-இல் நேச்சர் இதழில் ஜோசையா வில்லர்ட் கிப்ஸ் எழுதியது நிலைத்துவிட்டது. கிப்ஸ் ரிங்கிங் என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

இதில் ஒரு பிடிவாதமான எண் உண்டு. விளிம்பில் ஏற்படும் பிசகு, அந்தத் தாவலின் அளவில் ஏறக்குறைய 9 சதவீதம். இன்னும் நிறைய வரி எடுத்தால் பிசகின் அகலம் குறையும், ஆழம் குறையாது. 9 சதவீதம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் அது தசையின் வெளிச்சத்தில் 9 சதவீதம் அல்ல, ரத்தத்துக்கும் தசைக்கும் உள்ள வித்தியாசத்தில் 9 சதவீதம். கான்ட்ராஸ்ட் வந்து நிறைந்த நொடியில் இடது கீழறை ரத்தத்தின் வெளிச்சம் 100, இன்னும் மருந்து சேராத தசையின் வெளிச்சம் 20 என்று கொள்வோம். வித்தியாசம் 80. அதில் 9 சதவீதம் 7.2. தசையின் உள்விளிம்பு 20-இலிருந்து 12.8-க்கு இறங்குகிறது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெளிச்சம் போய்விட்டது. கண்ணுக்கு நன்றாகவே தெரியும் கறுப்பு அது.

இன்னும் பத்துப் பன்னிரண்டு துடிப்பு போகட்டும். ரத்தத்தில் மருந்து நீர்த்து வெளிச்சம் 60 ஆகிறது, தசை 40-க்கு ஏறிவிட்டது. வித்தியாசம் 20, பிசகு 1.8. தசையின் விளிம்பு 38.2. கோடு காணாமல் போய்விட்டது. இந்த இரண்டு கணக்கையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், டார்க் ரிம்மின் குணம் பாதி பிடிபட்டுவிடும்.

கிப்ஸ் ரிங்கிங் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அந்த 120 மில்லிசெகண்டுக்குள் இதயம் நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது. வரிகளில் சில ஒரு நிலையிலும் சில வேறு நிலையிலும் பதிவாகும்போது விளிம்பில் கறுப்பு கூடுகிறது. துடிப்பு வேகமானால் இது மோசமாகும். கான்ட்ராஸ்ட் மருந்தில் இருக்கும் கேடோலினியம் என்ற உலோகம் தானே ஒரு காந்தப் பொருள் என்பதால், அது செறிவாக வந்து நிறையும்போது ரத்தமும் தசையும் சந்திக்கும் இடத்தில் காந்தப்புலம் லேசாகக் குலைகிறது. 3 டெஸ்லா வலுவுள்ள காந்தத்தில் 1.5 டெஸ்லாவை விட அதிகமாகக் குலையும். ஒரே பிக்சலுக்குள் ரத்தமும் தசையும் கலந்து அகப்படுவதும் உண்டு. ஒரு நோயாளியின் படத்தில் இவற்றில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது பெரும்பாலும் நடக்காத காரியம்.

படத்தைப் படிப்பவர் இதை எப்படிப் பிரித்தறிகிறார்? முதலில் நேரம் பார்ப்பார். பொய்க்கோடு இடது கீழறை வெளுக்கும்போதே வந்து, தசை வெளுத்ததும் மறையும். உண்மையான ரத்தக் குறைவு, தசை வெளுக்கத் தொடங்கும்போதுதான் வெளிப்படும்; மற்றத் தசை உச்சத்தைத் தொட்ட பிறகும் பல துடிப்புகளுக்கு நிற்கும். அடுத்தது அகலம். ஒரே பிக்சல் அகலத்துக்குமேல் போகாத கோட்டைச் சந்தேகிக்க வேண்டும். நிஜக் குறைவு உள்ளே கருமையாகவும் வெளியே போகப்போக வெளுத்தும் படிப்படியாக இருக்கும்.

திசையும் பேசும். எம்.ஆர்.ஐ. படத்தில் இரண்டு திசைகளில் நேரச் செலவு அதிகம், வரி வரியாகத் தகவல் எடுக்க வேண்டிய ஃபேஸ் என்கோடிங் திசைக்குத்தான். அதனால் வரிகளை அங்கேதான் சிக்கனம் பிடிப்பார்கள். பொய்க்கோடும் பெரும்பாலும் அந்தத் திசையில், வளையத்தின் எதிரெதிர் ஓரங்களில் தோன்றும். அந்தத் திசையைத் திருப்பி வைத்து எடுத்தால் கோடும் கூடவே சுற்றிக்கொள்ளும். அடைப்பால் வரும் நிஜக் குறைவு, அந்தக் கொரோனரி குழாய் ரத்தம் தரும் எல்லைக்குள் அடங்கும்; அந்த எல்லை ஸ்கேனரின் அமைப்பைப் பொறுத்துச் சுற்றாது. இருபக்கமும் ரத்த அறைகள் இருப்பதால் நடுச்சுவரில் மட்டும் இரண்டு விளிம்பிலும் கூடுதல் கவனம் வேண்டும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, 2006-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்துக் குழு முன்வைத்த வழி. ஸ்ட்ரெஸ்ஸில், அதாவது அடினோசின் ஏற்றிய நிலையில், தெரியும் கறுப்பு, ஓய்வில் எடுத்த படத்திலும் அதே இடத்தில் தெரிகிறதா என்று பார். தெரிந்தால், அந்த இடத்தில் பழைய மாரடைப்பின் தழும்பு இருக்கிறதா என்று பார். கான்ட்ராஸ்ட் ஏற்றிப் பத்து நிமிடம் போல் கழித்து எடுக்கும் படம் அதைச் சொல்லிவிடும். இரண்டிலும் கறுப்பு இருந்து, தழும்பு மட்டும் இல்லையென்றால் அது ஆர்ட்டிஃபாக்ட். ஓய்வில்கூட ரத்தம் போகாத தசை தழும்பில்லாமல் உயிரோடு இருப்பது அரிது என்பதுதான் இதன் நியாயம். புது மெஷின் எதுவும் வேண்டாம், எடுத்த மூன்று படங்களைச் சேர்த்து யோசித்தால் போதும். பெர்ஃப்யூஷன் படத்தை மட்டும் வைத்துப் பார்த்தபோது, நோய் இல்லாதவர்களை 'நோய் இல்லை' என்று சரியாகச் சொன்ன விகிதம் அவர்கள் ஆய்வில் 58 சதவீதம். இந்த வழியில் படித்தபோது 87 சதவீதம் ஆனது.

இந்த விதிக்கும் ஓட்டை உண்டு. ஸ்ட்ரெஸ்ஸில் இதயம் வேகமாகத் துடிப்பதால் நகர்வினால் வரும் கறுப்பு அப்போது மட்டும் கூடலாம். ஓய்வுப் படத்தில் இருக்காது. அப்புறம், மூச்சில் இதயம் அரை பிக்சல் நகர்ந்தாலே விளிம்பு பிக்சல் கட்டத்தில் வேறு இடத்தில் விழும். ஒரே இதயத்தில் ஒரு படத்தில் ரிங்கிங் பளிச்சென்றும் அடுத்ததில் மங்கலாகவும் தெரியக்கூடும். ஸ்ட்ரெஸ்ஸில் மட்டும் வந்தது என்பதாலேயே நிஜம் என்று எழுதிவிடக் கூடாது.

உண்மையிலேயே கடினமான இடம் வேறொன்று. பெரிய குழாய்களில் அடைப்பே இல்லாமல், ஆஞ்சியோகிராம் சுத்தமாக இருந்தும் நெஞ்சுவலியோடு வருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெண்கள் அதிகம். கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் சரியாக விரியாததுதான் பலருக்கும் பிரச்சினை. அவர்களிடம் ரத்தக் குறைவு ஏதோ ஒரு குழாயின் எல்லைக்குள் அடங்காது. உள்விளிம்பு முழுவதும் வளையமாக வரும். டார்க் ரிம்மும் கிட்டத்தட்ட அப்படித்தான் வரும். ஒரு குழாயின் எல்லைக்குள் அடங்குகிறதா என்ற சோதனை இங்கே கை கொடுக்காது.

2002-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில், லண்டன் குழு ஒன்று இத்தகைய நோயாளிகளிடம் அடினோசினின்போது உள்விளிம்பில் ரத்த ஓட்டம் போதிய அளவு கூடவில்லை என்று காட்டியது. 'உங்களுக்கு ஒன்றுமில்லை, மனப்பதற்றம்தான்' என்று சொல்லியனுப்பப்பட்ட பலருக்கு அது பெரிய ஆறுதல். 2007-இல் நெதர்லாந்திலிருந்து வந்த ஆய்வு, அதே வகை நோயாளிகளிடம் அப்படிப்பட்ட உள்விளிம்புக் குறைவைக் காணவில்லை. அளந்தது நோயா, விளிம்புப் பிசகா என்ற கேள்வி இதுபோன்ற இடத்தில் எழாமல் இருக்க முடியாது. நுண்குழாய் நோய் உண்மையானது என்பதில் இன்று சந்தேகமில்லை. வேறு முறைகளும் அதை உறுதி செய்துவிட்டன. ஆனால் ஒரு தனி நோயாளியின் படத்தில் மெல்லிய கறுப்பு வளையத்தைப் பார்த்துவிட்டு, இரண்டில் ஏதோ ஒன்றைச் சுலபமாக எழுதிவிடுவது எனக்கு அச்சமூட்டுகிறது. நோய் என்று எழுதினால் ஒருவர் தேவையில்லாமல் ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிடுவார். ஆர்ட்டிஃபாக்ட் என்று எழுதினால், ஏற்கெனவே யாரும் நம்பாத ஒரு பெண்ணின் வலியை இன்னொருவரும் நம்பாமல் போய்விடுவார்.

மற்ற ஆர்ட்டிஃபாக்ட்டுகள் அதிகம் ஏமாற்றுவதில்லை. அடினோசின் ஏறும்போது மூச்சு முட்டுவது போல் இருக்கும். நோயாளி பாதியில் மூச்சை விட்டுவிட்டால் இதயம் மேலும் கீழும் நகர்ந்து, படம் வேறு இடத்தை வெட்டிக் காட்டும். காந்தத்துக்குள் ஓடும் ரத்தம் ஈ.சி.ஜி.யைக் குலைத்து டி அலையை உயர்த்திவிடும். ஸ்கேனர் அதையே துடிப்பு என்று எண்ணித் தவறான நேரத்தில் படம் எடுக்கும். மார்பின் மேல் வைக்கும் காயிலுக்கு அருகில் உள்ள முன்சுவர் வெளுப்பாகவும், தூரத்தில் உள்ள பின்சுவர் மங்கலாகவும் தெரியும். கான்ட்ராஸ்ட் வருமுன் எடுக்கும் சில படங்களை வைத்து இதைச் சரிக்கட்டிவிடலாம். காபியை மறைத்து வந்தவர்களைக் காட்டிக்கொடுப்பது மண்ணீரல்: அடினோசின் வேலை செய்தால் அது கறுத்துவிடும், கறுக்கவில்லையென்றால் ஸ்ட்ரெஸ்ஸே சரியாக ஏறவில்லையோ என்று யோசிக்க வேண்டும்.

டார்க் ரிம்மைக் குறைக்க வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலையும் இருக்கிறது. கான்ட்ராஸ்ட் அளவைக் கிலோவுக்கு 0.1 மில்லிமோலிலிருந்து 0.05 ஆக்கினால் தாவல் சிறிதாகி கோடும் மங்கும். கூடவே நிஜக் குறைவும் மங்கலாகத் தெரியும். படத்தை லேசாக மழுக்கும் ஃபில்டர் ரிங்கிங்கை அடக்கும். ஏற்கெனவே மூன்றே பிக்சலான சுவரை இன்னும் மழுக்குவதா என்பது கேள்வி. அடுத்தடுத்த படங்களின் ஒற்றுமையைப் பயன்படுத்தும் கே-டி, கம்ப்ரெஸ்டு சென்சிங் முறைகளால் பிக்சலை இரண்டு மில்லிமீட்டருக்கும் கீழே கொண்டுவரலாம். 9 சதவீத ஆழம் அப்படியே இருந்தாலும் கோடு மெலிந்து கண்ணை உறுத்தாமல் போகும். ஆனால் நோயாளி மூச்சை விட்டால் இந்த முறைகள் சீக்கிரம் குலையும். கலிஃபோர்னியாவில் செடார்ஸ்-சைனாயைச் சேர்ந்த பெஹ்ஸாத் ஷரீஃபும் குழுவினரும் 2014-இல் வேறு பாதையில் போனார்கள். வரிகளை இணையாக எடுக்காமல், மையத்திலிருந்து எல்லாத் திசையிலும் ஆரக்கால்களாக எடுத்தார்கள். எந்த ஒரு திசையிலும் நுணுக்கம் குறையாததால் ரிங்கிங் வெகுவாகக் குறைந்தது. ஆரக்கால்கள் போதாவிட்டால் படத்தின் குறுக்கே கீற்றுகள் விழும். ஆனால் அவை உள்விளிம்பு நோயைப் போல வேடம் போடுவதில்லை. என் பார்வையில் அது நல்ல பேரம்.

இப்போது பெர்ஃப்யூஷனை எண்ணாகவே தரும் முறைகள் வந்துவிட்டன. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களில் பீட்டர் கெல்மன் முன்னின்று உருவாக்கிய முறையில், ஒரு கிராம் தசைக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ரத்தம் என்று ஒவ்வொரு பிக்சலுக்கும் கணக்கிட்டு வண்ண வரைபடமாக ஸ்கேனரே தருகிறது. நல்ல தசையில் ஓய்வின்போது சுமார் 1, ஸ்ட்ரெஸ்ஸில் இரண்டுக்கு மேல். நுண்குழாய் நோயைத் தேடுபவர்களுக்கு இது பெரிய உதவி: பொய்க்கோடு ஒரு பிக்சலோடு நின்றுவிடும், நுண்குழாய் நோயில் சுவர் முழுவதுமே எண்கள் தாழ்ந்திருக்கக்கூடும். ஆனால் கணக்கு தொடங்குவது அதே படத்திலிருந்துதான். உள்விளிம்புப் பிக்சலின் வெளிச்சம் முதலில் பொய்யாக இறங்கியிருந்தால், அந்த இடத்து எண்ணும் பொய்யாகவே வரும். உள்விளிம்புக்கும் வெளிவிளிம்புக்கும் உள்ள விகிதத்தை மட்டும் வைத்து முடிவு சொல்லும் ரிப்போர்ட்டுகளில் இதைக் கவனிக்க வேண்டும்.

நோயாளிகளுக்கு ஒன்று. இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர் இரண்டாவது கருத்துக்கு வேறொரு டாக்டரிடம் போகும்போது, பெரிய உறையில் போட்டுத் தரும் ஃபிலிமை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் போதாது. கறுப்பு எப்போது வந்தது, எத்தனை துடிப்பு நின்றது என்பதை அச்சடித்த நான்கைந்து படங்களை வைத்துச் சொல்ல முடியாது. ஸ்ட்ரெஸ், ஓய்வு, தழும்பு ஆகிய மூன்று தொகுப்பும் ஓடும் படமாக இருக்கும் சி.டி.யையோ பென் டிரைவையோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.